வெறும் புல்தானா?

அமெரிக்காவின் நடுவில் கான்சஸ் மாநிலம் இருக்கிறது. அங்கே ஒரு பெரிய புல்வெளியைப் பார்க்கப் போனோம். காரை விட்டு இறங்கியதும் என் மகள், "அப்பா, இங்க ஒண்ணுமே இல்லையே! வெறும் புல்லுதானே?" என்றாள். உண்மையைச் சொன்னால், எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

இப்படிப்பட்ட புல்வெளிக்குப் 'பிரெய்ரி' என்று பெயர். முன்பு வட அமெரிக்காவில் உயரமான புல் வளரும் பிரெய்ரி சுமார் 17 கோடி ஏக்கர் இருந்தது. இப்போது 100 ஏக்கருக்கு 4 ஏக்கர்கூட மிச்சம் இல்லை. மண் நல்ல மண். அதனால் உழுது மக்காச்சோளம் போட்டுவிட்டார்கள்.

இந்த இடம் மட்டும் எப்படித் தப்பித்தது தெரியுமா? கல்லால்தான்! இங்கே கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புக்கல்லும் சக்கிமுக்கிக்கல்லும் வந்துவிடும். கலப்பை இறங்காது. அதனால் உழாமல் மாடு மேய்த்தார்கள். புல் பிழைத்தது.

'பிக் புளூஸ்டெம்' என்ற புல், நல்ல மழை பெய்தால் அப்பாவைவிட உயரமாக வளரும். அதன் வேர் 10 அடி ஆழம்கூடப் போகும். உழுதால் அந்த வேர் அறுந்துவிடும். பிறகு விதை தூவினால் புல் முளைக்கும். ஆனால் அதோடு வாழ்ந்த எல்லாச் செடிகளும் பூச்சிகளும் திரும்பி வருவதில்லை.

இந்தப் புல்லுக்குத் தீயும் வேண்டும். "என்னது, தீயா?" என்று கேட்கிறீர்களா? கா, ஓசேஜ் பழங்குடி மக்கள் அந்தக் காலத்திலேயே புல்லுக்குத் தீ வைத்தார்கள். இன்றும் வசந்த காலத்தில் கவனமாக எரிக்கிறார்கள். மரக்கன்றுகள் கருகிவிடும். வேர் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். சில நாட்களில் கருப்பு மண்ணில் பச்சைத் துளிர் வரும்.

1996இல் இங்கே சுமார் 11,000 ஏக்கர் பாதுகாக்கப்பட்ட இடமானது. "எங்க மேய்ச்சல் நிலம் போயிடுமோ?" என்று பக்கத்துப் பண்ணைக்காரர்கள் பயந்தார்கள். அதனால் அரசு 180 ஏக்கருக்கு மேல் சொந்தமாக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதினார்கள். மற்ற நிலம் ஒரு இயற்கைப் பாதுகாப்பு அமைப்புக்குச் சொந்தம். 2009இல் 13 பைசன்களைக் கொண்டுவந்து விட்டார்கள். பைசன் ஒரு பெரிய காட்டு மாடு.

நீங்களும் போகலாம், கட்டணம் இல்லை. 60 கிலோமீட்டருக்கு மேல் நடைபாதை இருக்கிறது. ஒரு பாதை பைசன் மேயும் இடத்துக்குள்ளேயே போகிறது! ஆனால் பைசனுக்கு 100 கெஜம் தள்ளித்தான் நிற்க வேண்டும்.

நாங்கள் போன அன்று அவை பாதை மேலேயே படுத்திருந்தன. அரை மணி நேரம் காத்திருந்தோம். அவை எழுந்திருக்கவே இல்லை. நாங்கள்தான் திரும்பி வந்தோம்.