கமராவும் நினைவு அட்டையும்



2019ஆம் ஆண்டிலே எமது பாடசாலையில் நிகழ்ந்த ஒரு காரியத்தைக் கூறிக்கொண்டு இன்றைய பொருளுக்கு வர விரும்புகின்றேன். அவ்வாண்டுப் பரிசளிப்பு விழாவுக்குப் பிரதம விருந்தினராக, முப்பது ஆண்டுகள் எம்மிடம் கணிதம் கற்பித்து இளைப்பாறிய ஆசிரியர் ஒருவரை அழைத்திருந்தோம். தள்ளாத வயதிலும் அவர் மேடையேறி, ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பற்றிப் பரிசில் வழங்கினார். எமது இளம் ஆசிரியர் ஒருவர் பாடசாலைக் கமராவினால் அக்காட்சிகளையெல்லாம் படம் பிடித்தார். மறுநாள் கணினியிலே திறந்து பார்த்தோம். அதே அட்டையில் முன்னர் எடுத்திருந்த விளையாட்டுப் போட்டிப் படங்கள் யாவும் பழுதின்றி இருந்தன. பரிசளிப்பு விழாப் படங்களோ பெயரளவில் மட்டுமே இருந்தன, திறந்தால் வெறுமை. மூன்று திங்கள் கழிந்து அப்பெரியார் காலமானார். அவர் ஏறிய இறுதி மேடைக்குச் சான்றாக ஒரு படமேனும் எம்மிடம் இல்லை.

பிழை கமராவினுடையது அன்று. படம் பிடித்தவருடையதும் அன்று. கமராவினுள் இட்டிருந்த சிறு அட்டையே அவ்விழப்புக்குக் காரணம். மலிவு கருதி அதனை வாங்க இசைவு அளித்தவன் நானே. ஆதலால் பின்னர் நான் தேடி அறிந்துகொண்டவற்றை உங்களோடு பகிர்வது என் கடமையெனக் கருதுகின்றேன்.

மெமரி காட் என்று நாம் வழங்கும் இந்த நினைவு அட்டை யாது? முன்னாளில் கமராவினுள் பிலிம் சுருள் இட்டோம். ஒரு சுருளில் முப்பத்தாறு படங்கள் எடுத்தோம். இன்று அச்சுருளின் இடத்தைப் பிடித்திருப்பது, 32 மில்லிமீற்றர் நீளமும் 24 மில்லிமீற்றர் அகலமும் உடைய ஒரு தகடு. அதனுள்ளே எண்ணிறந்த நுண்ணறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையிலும் இலத்திரன்கள் சிறைப்படுத்தப்படுகின்றன. மின்னோட்டம் நின்ற பின்னரும் அவை வெளியேறுவதில்லை. ஆகவே படமும் அழிவதில்லை. யப்பானியப் பொறியியலாளர் புஜியோ மசுவோக்கா 1980களில் தொஷிபா நிறுவனத்தில் பணியாற்றியபோது உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகமே இதற்கு அடிப்படை. நாம் பெரும்பாலும் காணும் எஸ்.டி. என்னும் அட்டை வகை 1999ஆம் ஆண்டிலே அறிவிக்கப்பட்டது.

இனி, அட்டையைத் தெரிவு செய்யும் முறையைப் பார்ப்போம். முதலாவதாக நோக்கவேண்டியது, அட்டை கமராவுக்குப் பொருந்துமா என்பது. எஸ்.டி. அட்டைகள் யாவும் உருவத்தில் ஒன்றே. ஆயினும் தலைமுறையில் வேறானவை. 2 ஜிகாபைற்று வரை கொள்வது பழைய எஸ்.டி.; அதற்கு மேல் 32 வரை கொள்வது எஸ்.டி.எச்.சி.; 32க்கு மேற்பட்டது எஸ்.டி.எக்ஸ்.சி. புதிய கமரா பழைய அட்டையை ஏற்கும். பழைய கமராவோ புதிய அட்டையை ஏற்காதிருக்கக்கூடும். வெளிநாட்டு உறவினர் தந்த பழைய கமராக்கள் நம்மவர் வீடுகளில் பல உள்ளன. அத்தகைய கமராவுக்கு 64 ஜிகாபைற்று அட்டையை வாங்கிச் சென்று, பயன்படாமல் திரும்பிக் கடைக்கு நடப்பதைக் காட்டிலும், கமராவின் கையேட்டை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நன்று.

இரண்டாவது, கொள்ளளவு. 24 மெகாபிக்சல் கமராவில் எடுக்கும் சாதாரணப் படம் ஒன்று ஏறத்தாழ 10 மெகாபைற்று இடத்தைக் கொள்ளும். அவ்வாறாயின் 32 ஜிகாபைற்று அட்டையில் மூவாயிரம் படங்கள் வரை அடங்கும். கலியாண வீடொன்றுக்கும் அது போதுமன்றோ? காணொளி எடுப்பவர் நிலை வேறு. வினாடிக்கு 100 மெகாபிற்று வீதம் பதியும் 4கே காணொளி, ஒரு மணித்தியாலத்தில் 45 ஜிகாபைற்றை நிரப்பிவிடும். அவர்களுக்கு 128 ஜிகாபைற்று அட்டை தேவைப்படலாம்.

மூன்றாவது, வேகம். குடம் எவ்வளவு பெரிதாயினும் வாய் குறுகியிருந்தால், வேகமாய் வார்க்கும் நீர் புறத்தே வழியும். அதுபோலவே, காணொளி பாய்ந்து வரும் வேகத்துக்கு அட்டை ஈடுகொடுக்காவிடின் பதிவு இடையில் நின்றுவிடும். அட்டையின் முகத்தில் 100, 170 எனப் பெரிய எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். அவை பெரும்பாலும் அட்டையிலிருந்து படிக்கும் வேகத்தின் உச்சத்தைக் குறிப்பன; கமராவுக்கு வேண்டியதோ எழுதும் வேகம். அதனை அறியச் சிறு குறிகளை நோக்குதல் வேண்டும். வட்டமான சீ எழுத்தினுள் 10 என்றிருந்தால், வினாடிக்கு 10 மெகாபைற்றுக்குக் குறையாமல் தொடர்ந்து எழுதும் என்பது பொருள். யூ எழுத்தினுள் 1 என்பதும் அதுவே. 3 என்றால் 30 மெகாபைற்று. வீ எழுத்தின் அருகே 30, 60, 90 என வருவன அவ்வளவு மெகாபைற்றைக் குறிக்கும். படம் மட்டும் எடுப்பவருக்குச் சீ 10 போதும். 4கே காணொளிக்கு வீ 30 வேண்டும்.

நான்காவது, மெய்ம்மை. எம்மை வஞ்சித்தது இதுவே. எனவே இதனைச் சற்று விரித்துரைப்பேன்.

அட்டையினுள்ளே படங்களைச் சேமிக்கும் சில்லு ஒன்று உண்டு. அதற்குக் கணக்கப்பிள்ளை போன்று கட்டுப்பாட்டுச் சில்லு ஒன்றும் உண்டு. “எவ்வளவு இடம் இருக்கின்றது?” என்று கமரா வினவினால் விடை கூறுபவர் இக்கணக்கப்பிள்ளையே. மோசடிக்காரர் 8 ஜிகாபைற்று அட்டையை எடுத்து, 64 என்று பொய்யுரைக்கும்படி அக்கட்டுப்பாட்டுச் சில்லை மாற்றியமைத்து, மேலே புகழ்பெற்ற நிறுவனம் ஒன்றின் பெயரையும் அச்சிட்டு விடுகின்றனர். கமரா அதனை நம்புகின்றது, கணினியும் நம்புகின்றது. முதல் 8 ஜிகாபைற்றுக்கு யாதொரு குறையும் தோன்றாது. அதன் பின்னர் வரும் படங்களை வைக்க இடமில்லை. ஆயினும் கணக்கப்பிள்ளை “பெற்றுக்கொண்டேன்” என்று கூறிக்கொண்டே அவற்றை வீசியெறிகின்றார். அன்றேல் பழையவற்றின் மேல் எழுதுகின்றார். படங்களின் பெயர்ப்பட்டியல் அட்டையின் தொடக்கத்திலேயே அமைந்திருப்பதனால், பெயர்கள் மட்டும் எஞ்சுகின்றன. எமது விளையாட்டுப் போட்டி அந்த 8 ஜிகாபைற்றையும் நிரப்பிவிட்டது. பரிசளிப்பு விழா வெறும் பெயர்ப்பட்டியலாயிற்று. படம் எடுத்த உடனே கமராவின் திரையில் தோன்றும் காட்சி கமராவின் தற்காலிக நினைவகத்திலிருந்து வருவது. ஆகவே எம் ஆசிரியருக்கும் அவ்வேளையில் ஐயம் எழவில்லை.

இதனின்று தப்பும் வழி எளிது. நம்பகமான கடையிற் பற்றுச்சீட்டுடன் வாங்குங்கள். சந்தை விலையிற் பாதிக்குக் கிடைக்கும் அட்டையை ஐயுறுங்கள். வாங்கிய அன்றே அதனைச் சோதியுங்கள். அட்டை முழுவதையும் எழுதி, மீண்டும் படித்து ஒப்புநோக்கும் இலவச மென்பொருள்கள் உள்ளன. எஃப்3 என்பது அவற்றுள் ஒன்று. கணினி அறிந்த மாணாக்கன் ஒருவனிடம் ஒப்படைத்தால் அவனே செய்து தருவான். சில மணித்தியாலங்கள் செல்லலாம். ஆயினும் அது வீண்பொழுது அன்று. இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்தல் வேண்டும். 64 ஜிகாபைற்று அட்டையைக் கணினியில் இட்டால் 59 அல்லது 60 எனக் காட்டக்கூடும். அது வஞ்சனை அன்று. உற்பத்தியாளர் ஆயிரத்தின் மடங்கிலும் கணினி 1024இன் மடங்கிலும் எண்ணுவதால் வரும் வேறுபாடு அது.

நல்ல அட்டையும் கவனமின்மையாற் கெடும். எழுதிக்கொண்டிருக்கையில், அதாவது கமராவின் சிறுவிளக்கு எரிகையில், அட்டையை வெளியே இழுத்தல் ஆகாது. படங்களை வேறிடத்தே பிரதி செய்துகொண்ட பின்னர், கமராவிலேயே அட்டையை ஃபோமற் செய்து பயன்படுத்துவது நன்று. தவறுதலாகப் படம் அழிந்துவிட்டால் உடனே அந்த அட்டையைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட வேண்டும். புதிய படம் மேலே எழுதப்படும்வரை பழைய படம் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். மீட்டெடுக்கும் மென்பொருளால் அதனைப் பெறலாம். எம் விழாப் படங்களுக்கு அவ்வாய்ப்பும் இருக்கவில்லை. எழுதப்படாததை எவரால் மீட்க இயலும்?

நிறைவாக ஒன்று. அட்டை ஒரு வண்டியேயன்றிப் பத்தாயம் அன்று. வயலில் விளைந்த நெல்லை வண்டியிலேயே விட்டு வைக்கும் கமக்காரன் உளனோ? விழா முடிந்த அன்றிரவே படங்களைக் கணினியிலும், வேறொரு வன்தட்டிலுமாக இரண்டு இடங்களிற் சேர்த்துவிடுங்கள்.

இன்று எமது பாடசாலையில் எந்த விழாவுக்கும் சோதித்த அட்டைகள் இரண்டு செல்கின்றன. தொடக்கத்தில் எடுத்த சில படங்களைக் கணினியில் இட்டுத் திறந்து பார்த்த பின்னரே ஏனையவை எடுக்கப்படுகின்றன. இவ்வொழுங்கு அந்த ஆசிரியரின் படத்தை எமக்குத் திருப்பித் தரப்போவதில்லை. ஆயினும் உங்கள் இல்லத்து முதியவர் ஒருவரின் முகமேனும் இதனாற் காக்கப்படுமாயின், யான் உற்ற இழப்பு முற்றும் வீணாகாது.