சீர்மையில் ஒரு குலைவு

பிரபஞ்சம் தோன்றி ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகள் கழித்துப் புறப்பட்ட ஒளி இன்று 2.725 கெல்வின் வெப்பநிலையில் நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சாக எல்லாத் திசைகளிலிருந்தும் வந்துகொண்டிருக்கிறது. பூமியின் ஓட்டத்தால் நேரும் வேறுபாட்டைக் கழித்துவிட்டால், நம் தலைக்கு மேலுள்ள வானிலும் அதற்கு நேரெதிர்த் திசையிலும் இவ்வெப்பநிலை இலட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கே மாறுபடும். 1992இல் கோபே செயற்கைக்கோள் கண்டறிந்த இந்த நுண்ணிய மாறுபாடு ஆதிகால அடர்த்தி ஏற்றத்தாழ்வுகளின் தடயமாகும். அடர்த்தி மிகுந்த இடங்கள் ஈர்ப்பால் மேலும் பொருளைத் திரட்டிக்கொண்டதால்தான் பின்னாளில் விண்மீன் மண்டலங்கள் உருவாயின.

ஒன்றையொன்று தொட வாய்ப்பே இல்லாத தொலைவிலுள்ள பகுதிகள் ஒரே வெப்பநிலையில் இருப்பதை விளக்க, 1981இல் ஆலன் கூத் பெருவீக்கக் கோட்பாட்டை வெளியிட்டார். நொடியின் நினைத்தற்கரிய சிறு பகுதிக்குள் வெளி குறைந்தது 10இன் 26ஆம் அடுக்கு மடங்கு விரிந்தது என்பது அதன் சாரம். அந்த விரிவை நடத்திய புலத்தில் எப்போதும் இருக்கும் குவாண்டம் அலைவுகளும் உடன் இழுபட்டு, அடர்த்தி ஏற்றத்தாழ்வுகளுக்கு வித்தாயின.

புலத்தின் ஆற்றல் எவ்வாறு குறைகிறது என்பதில்தான் மாதிரிகள் வேறுபடுகின்றன. மென்சரிவில் உருளும் பந்தைப்போல் அது மெல்லக் குறைந்தால், எல்லா நீள அளவுகளிலும் ஏறத்தாழச் சமமான அலைவுகளே கிடைக்கும். பிளாங்க் செயற்கைக்கோள் அளந்த 0.965 என்ற குறியீட்டெண் (1 என்றால் முற்றிலும் சமம்) இதற்குப் பெரிதும் இசைகிறது. ஆயினும் வானின் மிகப் பெரிய கோணங்களில் அலைவுகள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே தென்படுகின்றன. காண்பதற்கு ஒரே வானம்தான் இருப்பதால் இதைத் தற்செயல் என்று தள்ளிவிடவும் இடமுண்டு. ஆனால் தள்ளிவிடுவது விளக்கமாகாது.

அலகாபாத் ஹரிஷ்-சந்திரா ஆய்வு நிறுவனத்தில் அப்போது பணியாற்றி, பின்னர் சென்னை ஐஐடிக்கு வந்த எல். ஸ்ரீராம்குமாரும் ராஜீவ் குமார் ஜெயின் உள்ளிட்ட கூட்டாளிகளும் 2009இல் ஓர் இடைநிறுத்த மாதிரியை முன்வைத்தனர். புலம் ஒரு கட்டத்தில் விரைந்து இறங்குவதால் பெருவீக்கம் கணநேரம் நின்று மீண்டும் தொடர்கிறது என்றும், நிறுத்தத்துக்கு முன் நீட்டப்பட்ட பெரிய அலைவுகள் அதனால் வலுவிழக்கின்றன என்றும் அவர்கள் காட்டினர்.

அலைவுகளின் வலிமையை மட்டும் கொண்டு இத்தகைய மாதிரிகளை எடைபோடுவது போதாது. வெவ்வேறு மாதிரிகள் ஏறத்தாழ ஒரே வலிமைப் பட்டியலைத் தந்துவிடக்கூடும். மூன்று அலைவுகள் தமக்குள் கொண்டுள்ள தொடர்பையும் கணக்கிட்டால் வேறுபாடு வெளிப்படும். இடைநிறுத்தத்தின்போது வழக்கமான தோராயங்கள் உதவாத அந்தக் கடினக் கணக்கை எண்முறையில் செய்ய, தீரஜ் குமார் ஹஸ்ரா, ஸ்ரீராம்குமார், ஜெரோம் மார்ட்டின் மூவரும் 2013இல் ‘பிங்கோ’ என்ற கணினி நிரலை வெளியிட்டனர். அதன் ஒரு வடிவம் எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் வைக்கப்பட்டது.