புளியந்தோப்பில் பற்றி எரிந்த குடிசைகள்!
ஒரே மில் தொழிலாளர்கள் மோதிக்கொண்ட பயங்கரம்

சென்னை புளியந்தோப்பில் 1921 ஜூன் 28-ந்தேதி ஆதி திராவிடர் குடிசைகள் குபுகுபுவென்று பற்றி எரிந்தன. எரிந்த குடிசைக்காரர்களும் பின்னி மில் தொழிலாளர்கள். பழி விழுந்ததும் பின்னி மில் தொழிலாளர்கள் மீதுதான்! ஒரே சங்கு ஊதி, ஒரே கேட்டில் நுழைந்தவர்கள்.

பின்னி கம்பெனிக்குப் பெரம்பூரில் இரண்டு மில்: பக்கிங்காம், கர்நாடிக். 1918 ஏப்ரல் 27-ந்தேதி இங்கே சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு என்ற இரண்டு வியாபாரிகள் முன்னின்றார்கள். தலைவர் பி.பி.வாடியா. திரு.வி.க.வும் தோள் கொடுத்தார். சாதி, மதம் பாராமல் எல்லாரும் சேர்ந்தார்கள்.

1920 கடைசியில் முதல் அடி. கதவடைப்பு, துப்பாக்கிச் சூடு. கம்பெனி ஐகோர்ட்டுக்குப் போனது. வாடியா சங்கத்தை விட்டு விலக நேர்ந்தது. (1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வர இந்த வழக்கும் ஒரு காரணம்.)

மறுபடி ஸ்டிரைக்

சில மாதங்களிலேயே மீண்டும் வேலை நிறுத்தம். சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே நின்றார்கள். ஆதி திராவிடர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள்.

கருங்காலி என்று ஏசுவது சுலபம். கையில் காசில்லை, காணி நிலமில்லை. முந்தைய கதவடைப்பில் வீட்டில் உலை கொதிக்காமல் கிடந்தது இன்னும் மறக்கவில்லை. தெருவில் தள்ளி நிற்கச் சொன்னவனே சங்கத்தில் மட்டும் "தோழா, கூட நில்" என்றால் எப்படி நம்புவது? அதைச் சங்கத்தார் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். பேச்சுக்குப் பதில் கல் பேசியது, கழி பேசியது, கடைசியில் தீ பேசியது.

வீடிழந்தவர்களுக்கு அரசாங்கம் முகாம் போட்டது. "ஒரு பக்கம் சாய்கிறார்கள்" என்று நீதிக்கட்சியிலேயே கூச்சல். ஆதி திராவிடர் பக்கம் நின்று எம்.சி.ராஜா வாதாடினார். மில் சண்டை ஊர்ச் சண்டை ஆனது. ஆகஸ்டு 29-ந்தேதி போலீஸ் சுட்டதில் பலர் மாண்டனர்.

அக்டோபரில் வேலை நிறுத்தம் முடிந்தது. என்ன கிடைத்தது? ஒன்றும் இல்லை! கம்பெனி இம்மியும் இறங்கி வரவில்லை. உள்ளே போனவர்களும் வெளியே நின்றவர்களும் பழையபடி பக்கத்துப் பக்கத்துத் தறியில் நின்றார்கள். முகம் கொடுத்துப் பேசினார்களோ என்னவோ!

மில் 1996-ல் மூடப்பட்டது. பிறகு அந்தக் காலிக் கட்டடங்களில் சினிமாக்காரர்கள் ஸ்டண்ட் காட்சி எடுத்தார்கள்.