முதல் பத்து நிமிடம் – 11: கார்டில் கையெழுத்துப் போடுகிறவர்

சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் சனி, ஞாயிறுகளில் தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் வண்டிகள் ஓடாது, ஊரும். பேரருவிக்கும் தென்காசிக்கும் நடுவே சுமார் 5 கிலோமீட்டர்தான். சீசன் ஞாயிறு மதியம் அதைக் கடக்க எவ்வளவு நேரமாகும் என்று ஆம்புலன்ஸ் ஓட்டுகிற யாரையாவது கேட்டுப் பாருங்கள். ஒரு பெருமூச்சுதான் பதிலாக வரும். மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் பாளையங்கோட்டை ஐகிரவுண்டுக்குப் போக வேண்டும், 50 கிலோமீட்டருக்கு மேல்.

இதயம் நின்றுபோனவருக்கு எதுவும் செய்யாமல் கழிகிற ஒவ்வொரு நிமிடத்திலும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. அதனால் அருவிக்கரையில் நிற்கிற எண்ணெய் மசாஜ்காரர், சிப்ஸ் கடைக்காரர், பந்தோபஸ்து போலீஸ், தீயணைப்பு வீரர், வேன் டிரைவர் இவர்கள்தான் அங்கே முதல் டாக்டர்கள். இவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று சென்ற வாரம் பார்த்தோம். இவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வருகிறவரைப் பற்றி இந்த வாரம் பேச வேண்டும். அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை.

வழக்கமான சிபிஆர் (இதய-நுரையீரல் மீட்பு) பயிற்சி முகாம் எப்படி நடக்கும் என்று தெரியும்தானே? கல்யாண மண்டபம், பேனர், பொன்னாடை, நூறு பேர், இரண்டு பொம்மை. ஒரு மணி நேரம் பவர்பாயிண்ட். பிறகு வரிசையில் வந்து ஆளுக்குப் பத்துத் தடவை பொம்மையின் நெஞ்சை அழுத்தி, போட்டோ எடுத்துக்கொண்டு, சர்ட்டிஃபிகேட்டோடு சாப்பாட்டுக்குப் போய்விடலாம். விழிப்புணர்வு நிகழ்ச்சி என்றால் இது நல்ல காரியம். நான் குறை சொல்ல மாட்டேன். பயிற்சி என்று அதற்குப் பெயர் வைப்பதுதான் தவறு.

அமெரிக்க இதய சங்கம் தன் பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்பு) வகுப்புக்கு வைத்திருக்கும் கணக்கு வேறு. பொம்மையில் பழகும் நேரத்தில் ஆறு பேருக்கு ஒரு பயிற்சியாளர் வேண்டும். எழுத்துத் தேர்வில் 84 சதவீதம் எடுக்க வேண்டும். செய்முறைத் தேர்வில் பயிற்சியாளர் கையில் ஸ்டாப்வாட்ச் இருக்கும். 30 அழுத்தம் 15 விநாடிக்குக் குறையாமலும் 18 விநாடிக்கு மேல் போகாமலும் முடிய வேண்டும். நெஞ்சு குறைந்தது 5 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தால்தான் தப்பு தெரியும்: முழங்கை லேசாக மடங்கும்; இருபதாவது அழுத்தத்துக்கு மேல் கை களைத்து ஆழம் குறையும்; அழுத்திய கையை முழுசாக விடாமல் நெஞ்சின் மேலேயே சாய்ந்திருப்பார். நெஞ்சு பழைய நிலைக்கு மேலே வந்தால்தான் இதயத்துக்குள் ரத்தம் திரும்ப நிறையும். இதைத் தூரத்தில் மேடையில் மைக் பிடித்து நிற்கிறவரால் பார்க்கவே முடியாது. தேர்வு நேரத்தில் 'இன்னும் கொஞ்சம் ஆழமா' என்று எடுத்துக் கொடுக்கவும் கூடாது. நாளைக்கு அருவிக்கரையில் எடுத்துக் கொடுக்க அவர் இருக்கப் போவதில்லை.

பயிற்சியாளருக்கும் தேர்வு உண்டு. இன்ஸ்ட்ரக்டர் வகுப்பு முடித்த ஆறு மாதத்துக்குள் அவர் பாடம் எடுப்பதை மூத்தவர் ஒருவர் உட்கார்ந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். தகுதி 2 வருடத்துக்குத்தான். அதற்குள் நான்கு வகுப்பாவது எடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் புதுப்பிக்க முடியாது. வழிகாட்டு நெறிகள் மாறிக்கொண்டே இருப்பதால் இப்படி. 2010-க்கு முன்னால் படித்தவர் முதலில் மூச்சுப்பாதை, அப்புறம் மூச்சு, கடைசியில் நெஞ்சழுத்தம் என்று வரிசை சொல்வார். அந்த வருடம் வரிசை மாறி, நெஞ்சழுத்தம் முதலில் வந்துவிட்டது.

நம் நாட்டுக்கென்றும் நெறிகள் இருக்கின்றன. மயக்கவியல் மருத்துவர்கள் முன்னின்று உருவாக்கிய இந்திய ரிசசிடேஷன் கவுன்சில் 2017-இல் மூன்று அடுக்காகப் பாடம் வகுத்தது. பொதுமக்களுக்கானதன் பெயர் 'கோல்ஸ்'. வாயோடு வாய் வைத்து ஊத வேண்டாம், நெஞ்சை மட்டும் அழுத்தினால் போதும் என்பது அதன் சாரம். நல்ல முடிவு. முன்பின் தெரியாதவர் வாயில் வாய் வைக்கத் தயங்கி ஒன்றுமே செய்யாமல் நிற்பதற்கு, அழுத்துவது எவ்வளவோ மேல். பஸ்ஸில் திடீரென்று சரிந்து விழுகிற ஐம்பது வயதுக்காரருக்கு அது பொருந்தும். அவர் ரத்தத்தில் இன்னும் சில நிமிடத்துக்கான ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது. அதை மூளைக்குத் தள்ளிவிட்டால் போதும்.

குற்றாலத்தில் அது மட்டும் போதாது. தண்ணீரில் மூழ்கியவருக்கு இதயம் நிற்பதே ஆக்சிஜன் தீர்ந்து போனதால்தான். தீர்ந்துபோன ரத்தத்தை எவ்வளவு அழுத்திச் சுற்றவிட்டு என்ன பயன்? அவருக்கு முதலில் வேண்டியது மூச்சு. ஐரோப்பிய நெறி ஐந்து மூச்சு ஊதிவிட்டு ஆரம்பிக்கச் சொல்கிறது. அமெரிக்க இதய சங்கமும் 2024-இல் மூழ்கியவர்களுக்கென்றே தனியாக வெளியிட்ட திருத்தத்தில், பயிற்சி பெற்றவர் மூச்சிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஊதத் தெரியாதவர் அழுத்தவாவது வேண்டும் என்பதில் மாற்றமில்லை. ஆனால் அருவிக்கரை ஆட்களுக்கு வகுப்பு எடுக்கிறவர் மூக்கைப் பிடித்து, தாடையைத் தூக்கி, நெஞ்சு எழும்புகிற அளவுக்கு ஊதக் கற்றுத்தராமல் போனால், அவர் எடுத்தது வேறு ஏதோ ஊருக்கான பாடம்.

2024 மே 17 அன்று, சீசன் தொடங்கும் முன்பே, பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. அந்த உயிரைக் காப்பாற்றியிருக்கலாமா என்ற விசாரணைக்குள் நான் போகவில்லை. இங்கே ஆபத்து தண்ணீர் வழியாகத்தான் வரும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அருவிப் பாறையில் வழுக்கி விழுந்தவருக்குக் கழுத்தெலும்பு போயிருக்கலாம். அவரை எப்படித் தூக்குவது என்பதும் இந்த ஊர்ப் பாடத்தில் வர வேண்டும். வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றுவது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது எல்லாம் இன்னும் நம் ஊரில் வழக்கத்தில் இருக்கின்றன. வயிற்றை அமுக்கினால் உள்ளே இருப்பது மூச்சுக்குழாயில் ஏறும். வகுப்பில் யாராவது அதைச் சொன்னால் சிரித்து ஒதுக்காமல், ஏன் கூடாது என்று புரியவைப்பதும் பயிற்சியாளர் வேலைதான்.

உயிர் மீட்புக் கலையே தண்ணீர்க்கரையில் பிறந்ததுதான். மூழ்கியவர்களைக் காப்பாற்றவென்று 1767-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். உலகமெங்கும் வகுப்புகளில் கிடக்கிற 'ஆனி' பொம்மையை 1960-இல் செய்தவர் நார்வேக்காரர் ஆஸ்முண்ட் லேர்டால்; விளையாட்டுப் பொம்மை செய்து விற்றவர். தன் சின்னப் பையன் தண்ணீரில் மூழ்கியபோது தன் கையாலேயே மீட்டவர். பொம்மைக்கு அவர் வைத்த முகம், பாரிஸில் சேன் நதியில் இறந்து மிதந்த பெயர் தெரியாத பெண்ணுடையது என்று சொல்லப்படும் முகமூடியிலிருந்து எடுத்தது. அந்த முகத்தை ஒவ்வொருவருக்கும் இடையில் ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டியதும் பயிற்சியாளர் பொறுப்பு. பல முகாம்களில் ஒரே கர்ச்சீப்பு காலையிலிருந்து மாலைவரை வேலை செய்கிறது.

அதே நார்வேயில் உட்ஸ்டைன் என்ற பழைய மடாலயத்தில் கூடிய நிபுணர்கள் ஒரு பெருக்கல் கணக்கு போட்டுக் காட்டினார்கள். மருத்துவ அறிவு, அதைக் கற்பிக்கும் திறம், ஊரில் அது நடைமுறைக்கு வருகிற விதம் இம்மூன்றையும் பெருக்கினால் வருவதே பிழைப்பவர் எண்ணிக்கை. கூட்டல் இல்லை, பெருக்கல். கற்பித்தல் பூஜ்ஜியமானால் மற்ற இரண்டும் எவ்வளவு பெரிதாக இருந்தும் விடை பூஜ்ஜியம்.

அதனால்தான் பயிற்சியாளரின் முதல் கடமை 'இல்லை' என்று சொல்வது என்கிறேன். சரியாகச் செய்யாதவருக்கு, அவர் காசு கட்டியிருந்தாலும், இன்ஸ்பெக்டராக இருந்தாலும், கூட வேலை பார்க்கும் டாக்டராகவே இருந்தாலும், 'இன்னொரு தடவை பழகிட்டு வாங்க' என்று சொல்லும் தைரியம் வேண்டும். நம் ஊரில் இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஆஸ்பத்திரி வேலைக்கு, இந்த வகுப்பில் தேறியதற்கான கார்டு கேட்கிறார்கள். கார்டுக்கு ஆள் அலைகிறார்கள். தராதவர் பொல்லாதவர் ஆகிவிடுகிறார். இங்கே ஊசி போட உரிமம் கேட்பார்கள், சிபிஆர் முகாமுக்கு பேனர் கட்ட யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்க வேண்டியது நாம்தான்.

உங்கள் பள்ளிக்கோ வியாபாரிகள் சங்கத்துக்கோ முகாம் நடத்த ஒருவர் வந்தால், பொன்னாடை வாங்குவதற்கு முன் அவரிடம் கேளுங்கள்: எத்தனை பொம்மை கொண்டு வருகிறீர்கள், உங்கள் தகுதியைக் கடைசியாக எப்போது புதுப்பித்தீர்கள், எங்கள் ஆட்களில் சரியாகச் செய்யாதவரை என்ன செய்வீர்கள்? கடைசியாக, தண்ணீரிலிருந்து தூக்கியவருக்கு முதலில் என்ன செய்ய வேண்டும் என்றும் கேளுங்கள். 'நெஞ்சை மட்டும் அமுக்கினால் போதும்' என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

(தொடரும்)