குருத்தணுவும் அது வேரூன்றும் இடமும்

பழவங்காடிப் பிள்ளையார் சந்நிதியில் சிதறும் தேங்காய்க்குக் கணக்கில்லை. திருவனந்தபுரத்தில் வாழும் தமிழர் யாவரும் அறிந்த காட்சி அது. தேங்காய் எம்மண்ணில் முளைத்தாலும் தென்னையாகவே வளரும். மண் மாறினால் காய்ப்பு மாறலாமேயன்றிக் குலம் மாறாது. ஆனால் நம் உடலில் வேறொரு வகை விதை உண்டு. விழுந்த இடத்திற்கேற்ப அது எலும்பாகவும் ஆகும், கொழுப்பாகவும் ஆகும். அதனையே ஸ்டெம் செல் என்றும், தமிழில் குருத்தணு என்றும் வழங்குகிறோம்.

குருத்தணு இன்னும் தொழில் ஏற்காத உயிரணு. அது எத்தொழிலை ஏற்கும் என்பதை வளர்ப்பு நீரிலுள்ள இரசாயனப் பொருள்களே தீர்மானிக்கின்றன என்று அறிஞர் நெடுங்காலம் கருதினர். அது உண்மையின் ஒரு பாதியே. 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் மறுபாதியைக் காட்டினர். எலும்பு மஜ்ஜைக் குருத்தணுக்களை ஒரே வளர்ப்பு நீரில், ஆனால் வெவ்வேறு கெட்டித்தன்மையுள்ள கூழ்ப்பரப்புகளின்மீது அவர்கள் வளர்த்தனர். மூளையைப்போல் மென்மையான, 1,000 பாஸ்கலுக்கு உட்பட்ட பரப்பில் அவை நரம்பணுவின் சாயல் கொண்டன. தசையை ஒத்த 8,000 முதல் 17,000 பாஸ்கல் வரையிலான பரப்பில் தசையணுவின் குறிகள் தோன்றின. 25,000 முதல் 40,000 பாஸ்கல் வரை கெட்டியான பரப்பில் எலும்பணுவின் குறிகள் தோன்றின.

கண்ணும் கையும் இல்லாத அணு, தான் நிற்கும் தளத்தின் கெட்டித்தன்மையை எவ்வாறு அறிகிறது? அது தன் மேற்புறத்திலுள்ள புரதக் கொக்கிகளால் தளத்தைப் பற்றி இழுத்துப் பார்க்கிறது. மென்மையான தளம் நெகிழ்ந்து கொடுக்கும். கெட்டியான தளம் எதிர்த்து நிற்கும். அந்த இழுவிசை அணுவினுள் ஓடும் நுண்ணிழைகளின் வழியே உட்கருவைச் சென்றடைகிறது. தளம் கெட்டியாயின் 'யாப்' என்னும் புரதம் உட்கருவினுள் புகுந்து, அங்குள்ள மரபுக் குறிப்புகளுள் எவை படிக்கப்பட வேண்டும் என்பதை மாற்றுகிறது என 2011இல் தெளிவாயிற்று. மரபுக் குறிப்பு மாறுவதில்லை. படிக்கப்படும் பக்கமே மாறுகிறது. நெடுநாள் கெட்டித் தளத்தில் வளர்ந்த அணு, மென்மையான தளத்திற்கு மாற்றிய பின்னும் பழைய பழக்கத்தை விடுவதில்லை என்பதும் 2014இல் வெளியாயிற்று. பிறந்த ஊர் விட்டு வந்தும் அவ்வூர்ப் பேச்சு நாவில் நிற்கும் நமக்கு இது வியப்பளிக்காது.

ஆகவே, அணுவை வளர்க்கும் கலத்தை வடிவமைப்பதே இன்று தனிக் கலையாகியுள்ளது. பழவங்காடியிலிருந்து சிறிது தொலைவில், பூஜப்புரையின் சாட்டல்மண்ட் அரண்மனையில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிலையத்தின் ஆய்வுப் பிரிவு இயங்குகிறது. 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிலையம் அது. 1990இல் மனித இதயத்தில் முதன்முறையாகப் பொருத்தப்பெற்ற சித்ரா வால்வும் அங்கு உருவானதே. அந்நிலையத்தார் கண்ணின் கருவிழிப்படல அணுக்களை வளர்ப்பதற்கென, வெப்பத்தால் இயல்பு மாறும் பலபடிப் பூச்சு ஒன்றைச் செய்து 2010லும் 2014லும் ஆய்வுரை வெளியிட்டனர். 37 பாகை வெப்பத்தில் அணுக்கள் அப்பூச்சைப் பற்றிப் படர்கின்றன. குளிரச் செய்தால் பூச்சு நீரை உறிஞ்சி உப்ப, அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்த மெல்லிய விரிப்பாகவே பெயர்ந்து வருகின்றன. அவற்றைப் பிரித்தெடுக்கப் புரதத்தைக் கரைக்கும் நொதி வேண்டுவதில்லை. அணுக்களின் பிணைப்பும் சிதைவதில்லை.

இதன் பயனை ஐதராபாத்து எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிலையத்தின் பணி நன்கு விளக்கும். வெற்றிலைச் சுண்ணாம்பு தெறித்துப் பார்வை இழக்கும் குழந்தைகள் நம் நாட்டில் உண்டு. கருவிழியின் ஓரத்திலுள்ள குருத்தணுக்கள் வெந்து போவதே காரணம். 2001 முதல் அங்கு, நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து சிறு துணுக்கை எடுத்து, பனிக்குடச் சவ்வின்மீது வளர்த்து, கெட்ட கண்ணில் பொருத்தினர். 2012இல் அதனினும் எளிய முறை ஒன்றையும் வெளியிட்டனர். கண்ணின்மீதே சவ்வைப் பரப்பி, அதன்மேல் துணுக்குகளை வைத்துவிட்டால் அங்கேயே அவை படர்கின்றன. நோயாளியின் கண்ணே வளர்ப்புக் கலமாகிவிடுகிறது.

இவ்வறிவு நம் இல்லங்களுக்கும் தேவையானது. உற்றார் அருகில்லாத வேற்றூரில், தீராத நோயுள்ள குழந்தையை வைத்துக்கொண்டு தவிப்போரைத் தேடி விளம்பரங்கள் வருகின்றன. குருத்தணுவை ஊசியால் செலுத்தினால் எந்த நோயும் தீரும் என்பது அவற்றின் வாக்குறுதி. தளமும் இழுவிசையும் மாறினாலே போக்கு மாறும் அணு, உடலில் எங்கோ செலுத்தப்பட்டதும் நாம் விரும்பிய உறுப்பாக மாறிவிடும் என எவ்வாறு நம்புவது? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள், இரத்த நோய்களுக்கான மாற்றுச் சிகிச்சை நீங்கலாகப் பிற பயன்பாடுகளை ஆய்வு நிலையிலுள்ளவை என்றே கொள்கின்றன. ஆகவே, ஒரு மருத்துவர் இதனைக் கூறின், இது நிலைபெற்ற சிகிச்சையா, ஆய்வா என்று கேளுங்கள். ஆய்வாயின் அதன் பதிவெண்ணைக் கேளுங்கள். விடை கிடைக்கும் வரை வீட்டையோ நகையையோ அடகு வைக்காதீர்கள்.