கடல் இடித்த வீடுகள்! கட்டக் கிளம்பிய மாதா கோவில் தொண்டர்கள்

சென்னை மயிலாப்பூரில் "லஸ்" என்ற இடம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பது பலருக்குத் தெரியாது.

அது புயலில் பிறந்த பெயர்!

போர்ச்சுகீசிய மாலுமிகள் சிலர் நடுக்கடலில் புயலில் சிக்கிக்கொண்டார்கள். திசை தெரியவில்லை. உயிர் பிழைப்போமா என்று தவித்தார்கள். அப்போது தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. அதைப் பார்த்தே கப்பலை ஓட்டிக் கரை சேர்ந்தார்கள். வெளிச்சம் மறைந்த இடத்தில் மாதாவுக்கு ஒரு கோவில் கட்டினார்கள்.

இப்படி ஒரு கர்ணபரம்பரைக் கதை இருக்கிறது. "லஸ்" என்றால் போர்ச்சுகீசிய மொழியில் வெளிச்சம். கோவிலில் உள்ள கல்வெட்டு 1516-ம் ஆண்டைச் சொல்கிறது. அந்தக் காலத்தில் சுற்றிலும் காடு. ஆகவே ஜனங்கள் அதைக் "காட்டுக் கோவில்" என்றார்கள். இப்போது காடு இல்லை. பெயர் மட்டும் இருக்கிறது.

அங்கிருந்து கிழக்கே நடந்தால் சாந்தோம். கடற்கரை ஓரத்தில் வெள்ளை வெளேர் என்று உயர்ந்து நிற்கிறது பெரிய கோவில். ஏசுநாதரின் சீடரான தோமையாரின் கல்லறை அங்கே இருக்கிறது. இப்போதுள்ள கட்டடம் 1896-ல் கட்டி முடிந்தது.

கோவிலுக்குப் பின்னால், கடலைப் பார்த்தபடி ஒரு மரக்கம்பம் நிற்கிறது. அதற்கும் ஒரு கதை உண்டு. கம்பத்தை நட்டவர் தோமையார்தான் என்றும், "கடல் இதைத் தாண்டாது" என்று அவர் வாக்குக் கொடுத்தார் என்றும் சொல்வார்கள்.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி, அந்தக் கதையை ஊரே பேசியது.

அலை வந்தது

கிறிஸ்துமசுக்கு மறுநாள். ஞாயிற்றுக்கிழமை. காலை 6 மணி 28 நிமிடத்துக்கு, சுமத்ரா தீவுக்கு அருகே கடலடியில் பூமி நடுங்கியது. சென்னைக் கரையை அலை தொட்டபோது மணி ஏறக்குறைய 9.

நடுவில் இரண்டரை மணி நேரம் இருந்தது. ஆனால் எச்சரிக்க ஆள் இல்லை. இந்தியாவில் சுனாமி எச்சரிக்கை நிலையம் ஐதராபாத்தில் ஏற்பட்டது 2007-ல்தான். "சுனாமி" என்ற சொல்லே அன்று காலை வரை நம் ஜனங்களுக்குத் தெரியாது.

மெரினாவில் சிலர் காற்று வாங்க நடந்துகொண்டிருந்தார்கள். பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். மீன்காரப் பெண்கள் கூடையை இறக்கி வைத்திருந்தார்கள். கடல் எழுந்து உள்ளே வந்தது. நொச்சிக்குப்பம், டூமிங் குப்பம், பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம், அடையாறு ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஊரூர் ஆல்காட் குப்பம் என்று வரிசையாக வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. சென்னையில் மட்டும் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்திலோ 6 ஆயிரம் பேருக்கு மேல்!

உயிர் தப்பியவர்கள் மேட்டை நோக்கி ஓடினார்கள். சாந்தோம் கோவிலுக்குள் குழந்தை குட்டிகளோடு வந்து புகுந்தார்கள். அலை கோவிலைத் தொடவில்லை. "கம்பம் காப்பாற்றியது" என்றார்கள் பக்தர்கள். "கோவில் இருக்கும் இடம் மேடு" என்றார்கள் மற்றவர்கள். எது எப்படி இருந்தாலும், கம்பத்துக்குக் கடல் பக்கம் இருந்த குடிசைகளை யாரும் காப்பாற்றவில்லை. அவற்றை மனிதர்கள்தான் மறுபடியும் கட்ட வேண்டியிருந்தது.

பழைய துணி மலை

முதல் சில நாட்கள் சோறுதான் பெரிய வேலை. மாதா கோவில் இளைஞர்கள் அண்டா அண்டாவாகச் சமைத்தார்கள். மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடமும் நிவாரணப் பணியில் இறங்கியது. பசித்தவனுக்கு எந்த அடுப்பில் வெந்த சோறு என்ற கவலை இல்லை.

அதே நேரத்தில் ஒரு கூத்தும் நடந்தது. ஊரெங்கும் இருந்து பழைய துணிகள் லாரி லாரியாக வந்து குவிந்தன. கிழிந்த சட்டை, பொத்தான் இல்லாத கால்சட்டை! மீனவர்கள் அவற்றைத் தொடவில்லை. அவர்கள் பிச்சைக்காரர்கள் அல்ல. வலை வீசிப் பிழைத்தவர்கள். துணிகள் சாலை ஓரத்தில் மழையிலும் வெயிலிலும் கிடந்து மக்கின. கொடுப்பவர் தமக்கு வேண்டாததைக் கொடுத்தால், வாங்குபவருக்கும் அது வேண்டாததாகத்தானே இருக்கும்?

வேண்டியது என்ன? வலை வேண்டும். படகு வேண்டும். முக்கியமாக, வீடு வேண்டும்.

கூரை ஏன் பறக்கிறது?

கடலோரக் குடிசை எப்படிப்பட்டது? நாலு மூலையில் சவுக்குக் கம்பு. மேலே மூங்கில். அதன் மேல் தென்னங்கீற்று. எல்லாவற்றையும் பிடித்து வைத்திருப்பது கயிறு. வெயிலுக்கு இதைப்போல் குளிர்ச்சியான வீடு கிடையாது. ஆனால் பெரிய அலை வந்தால் அடியோடு பெயர்ந்துவிடும்.

புயலுக்கும் அது தாங்காது. கூரையைக் காற்று அமுக்கி உடைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. காற்று கூரையைத் தூக்குகிறது! தாழ்வாரம் நீளமாக இருந்தால் காற்றுக்குக் கைப்பிடி கிடைத்த மாதிரி. இரண்டு பக்கச் சரிவுக் கூரையைவிட, நாலு பக்கமும் சரிந்த கூரை அதிகம் தாங்கும்.

செங்கல் வீடாக இருந்தால் வாசல் நிலைக்கு மேலே, நாலு சுவரையும் சுற்றி ஒரு கான்கிரீட் பட்டை ஓட வேண்டும். பெட்டிக்குக் கயிறு கட்டுவதுபோல் அது சுவர்களைச் சேர்த்துப் பிடிக்கும்.

இதெல்லாம் கொத்தனாருக்கும் என்ஜினீயருக்கும் தெரிந்த விஷயம். தொண்டு செய்ய வந்த கல்லூரி மாணவனுக்குக் கரணை பிடிக்கத் தெரியாது. தூக்குக் குண்டு பார்க்கத் தெரியாது. அவனை வைத்து என்ன செய்வது?

நிறையச் செய்யலாம்! இடிபாடுகளை அள்ளலாம். செங்கல் சுமக்கலாம். மணல் சலிக்கலாம். சாந்துச் சட்டி எடுத்துக் கொடுக்கலாம். கட்டிய சுவருக்குக் காலையும் மாலையும் தண்ணீர் விடலாம். இந்தக் கடைசி வேலை கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் ஒரு வாரத்துக்குக் குறையாமல் நனைக்காவிட்டால் சிமெண்ட் இறுகாது. குப்பத்தில் குடிக்கவே நல்ல தண்ணீர் அரிது. ஆகவே சுவர் நனைக்கக் குடத்தில் சுமக்க வேண்டும்.

வாசலிலே மணல், தொடக் கூடாது!

கடற்கரையில் வீடு கட்டுபவனுக்கு ஒரு பெரிய ஆசை வரும். வாசலில் மணல் கொட்டிக் கிடக்கிறது. காசு இல்லை, லாரி வாடகை இல்லை. அள்ளிக் கலந்தால் என்ன?

அங்கேதான் ஆபத்து! கடல் மணலில் உப்பு இருக்கிறது. உப்பு கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை அரிக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து வீங்கும். வீங்கிய கம்பி மேலே உள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கட்டி முடித்த அன்று வீடு அழகாகத்தான் இருக்கும். சில ஆண்டுகள் கழித்துத் தூங்குகிறவர் தலையில் தளம் உதிரும். கடல் காற்றே உப்புக் காற்று. நல்ல மணலில் கட்டினாலும் கம்பிக்கு மேல் கனமாகக் கான்கிரீட் மூட வேண்டும். தர்ம காரியம்தானே என்று மலிவாகக் கட்டிக் கொடுப்பது எவ்வளவு பெரிய அதர்மம் என்று பாருங்கள்!

எங்கே கட்டுவது?

2005-ம் ஆண்டு தமிழக அரசு ஒரு திட்டம் போட்டது. தொண்டு நிறுவனங்கள் முன்வந்து வீடு கட்டலாம். வீடு ஒன்று 300 சதுர அடிக்குச் சற்று மேல். செலவு சுமார் 1½ லட்ச ரூபாய். ஒரு நிறுவனம் குறைந்தது 50 வீடாவது கட்ட வேண்டும். அதாவது கையில் 75 லட்ச ரூபாய் இருக்க வேண்டும்! பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் கொடுக்கப்படும் என்றார்கள். இது மிக நல்ல ஏற்பாடு. கோபத்திலோ குடியிலோ புருஷன் வீட்டை விற்றுவிட முடியாது அல்லவா?

கத்தோலிக்க மறைமாவட்டங்கள், தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன் திருச்சபை எல்லாம் இந்த வேலையில் இறங்கின. கன்னியாகுமரி, நாகை, கடலூர் மாவட்டங்களில் வீடுகள் எழும்பின. ஒரு சின்னப் பங்குக் கோவிலால் 75 லட்சத்துக்கு எங்கே போக முடியும்? அப்படிப்பட்டவர்களுக்கு இருந்த வழி, பழுது பார்ப்பதும் பாத்திரம் பண்டம் வாங்கிக் கொடுப்பதும்தான்.

ஆனால் பணத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. அலை ஏறும் எல்லையிலிருந்து 200 மீட்டருக்குள் புதிதாகக் கட்ட அரசு உதவி கிடையாது. அங்கே இருப்பவரை யாரும் துரத்தமாட்டார்கள். ஆனால் தூரத்தில் புது வீடு வேண்டுமானால், பழைய இடத்தை அரசுக்கு விட்டுக் கொடுத்துவிட வேண்டும்.

மீனவர் என்ன செய்வார்? அவருக்கு வீட்டு வாசல்தான் ஆபீஸ். வாசலில் நின்று காற்றைப் பார்ப்பார். நீரோட்டத்தைப் பார்ப்பார். நடு இரவில் கிளம்பிக் கட்டுமரத்தையோ பைபர் படகையோ தள்ளுவார். படகும் வலையும் கண்ணில் பட வேண்டும். உள்ளே போனால் பிழைப்புப் போகும். கரையில் இருந்தால் உயிர் போகலாம். தொண்டர்கள் எந்தப் பக்கம் பேசுவது?

பட்டினப்பாக்கம் பக்கத்துக் குடும்பங்கள் பல, பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள செம்மஞ்சேரிக்குப் போயின. சாந்தோமிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். அங்கே கடல் இல்லை. ஆனால் மழைக்காலத்தில் வெள்ளம் வந்தது! மீன் விற்கும் பெண்கள் விடியுமுன் எழுந்து பஸ் பிடித்துப் பழைய இடத்துக்கே பிழைக்க வந்தார்கள். போகாதவர்கள் கரையிலேயே தங்கினார்கள். சீனிவாசபுரத்தில் 2018-ல் கடல் கொந்தளித்தபோது பல வீடுகள் மறுபடியும் அலைக்கு இரையாயின.

அமெரிக்காவிலும் இதே கதை

சுனாமி வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. 2005 ஆகஸ்டு 29-ந் தேதி அமெரிக்காவைக் "காத்ரீனா" என்ற சூறாவளி தாக்கியது. அணை உடைந்து நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ஐந்தில் நாலு பங்கு மூழ்கியது. உலகத்திலேயே பணக்கார நாடு! அங்கேயும் ஏழையின் வீட்டைக் கட்ட சர்ச் தொண்டர்கள் வேண்டியிருந்தது. நாடெங்கும் இருந்து மாணவர்களும் ஓய்வு பெற்றவர்களும் கிளம்பினார்கள்.

அங்கே வீடுகள் மரச் சட்டத்தால் ஆனவை. நனைந்த சுவர்ப்பலகை பூஞ்சை பிடித்து நாறும். தொண்டர்கள் முகமூடி போட்டுக்கொண்டு முதலில் அவற்றைப் பெயர்த்து எறிந்தார்கள். வீடு வெறும் எலும்புக்கூடாக நின்ற பிறகுதான் புதுப் பலகை அடிக்கலாம். மெனோனைட் என்ற பிரிவினர் 1950 முதல் இதற்காகவே ஓர் அமைப்பு வைத்திருக்கிறார்கள். முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கூடச் சுத்தியலைத் தூக்கினார். 2006-ல் அவர் இந்தியாவுக்கே வந்து, மகாராஷ்டிரத்தில் லோனாவாலா அருகே 100 வீடுகள் கட்டும் பணியில் கலந்துகொண்டார்.

சந்தேகம்

சர்ச் வீடு கட்டுகிறது என்றால் ஒரு முணுமுணுப்பு எழும். "வீட்டைக் கொடுத்து வேதத்தில் சேர்க்கிறார்களோ?" சுனாமிக்குப் பிறகும் இந்தப் பேச்சு எழுந்தது. இது வீண் சந்தேகம் என்று ஒதுக்கிவிட முடியாது. கையேந்தி நிற்பவரிடம் நிபந்தனை போடுவது எளிது.

செஞ்சிலுவைச் சங்கமும், கத்தோலிக்கரின் காரித்தாஸ், லுத்தரன் உலக சம்மேளனம் போன்ற அமைப்புகளும் 1994-ல் ஒரு நடைமுறை விதி வகுத்தன. உதவியை மதப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது அதில் ஒன்று. நாகைக் கரையில் சர்ச் அமைப்புகள் வீடு கட்டிய பல ஊர்களில் மீனவர்கள் இந்துக்கள். புது வீட்டு வரிசைக்குப் பக்கத்திலேயே அவர்கள் அம்மன் கோவிலும் நிற்கிறது. கட்டியவர்கள் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். ஆடி மாதம் கூழ் ஊற்றுவது நிற்கவில்லை.

2015 டிசம்பரில் சென்னைக்கு வேறு விதமான சோதனை வந்தது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு பொங்கியது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் தண்ணீர்! மாதா கோவில், மசூதி, கல்யாண மண்டபம் எங்கும் ஜனங்கள். தண்ணீர் வடிந்ததும் மண்வெட்டியோடு தொண்டர்கள் வந்தார்கள். சகதியை வெட்டி அள்ளி, பிளீச்சிங் பவுடர் தூவி, வீட்டுக்காரரிடம் விட்டுப் போனார்கள். ஆற்றங்கரைக் குடிசைகளுக்கோ அதுவும் இல்லை. குடிசையே இல்லையே! அந்தக் குடும்பங்கள் பல பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டன.

ஆண்டுதோறும் டிசம்பர் 26 காலையில் பட்டினப்பாக்கம் கரைக்குப் போனால் ஒரு காட்சியைப் பார்க்கலாம். மீனவப் பெண்கள் தண்ணீர் ஓரமாக வந்து நிற்கிறார்கள். பூவைத் தூவுகிறார்கள். செம்பிலிருந்து பாலை ஊற்றுகிறார்கள். எடுத்துக்கொண்டு போன கடலுக்குத்தான் அந்தப் பால். பிறகு, விற்பதற்கு மீன் வந்திருக்கிறதா என்று படகுப் பக்கம் போகிறார்கள்.