வேட்டை நாயும் காட்டின் நலமும்

திருவனந்தபுரத்திலிருந்து விதுரை வழியாகக் கிழக்கே ஏறிச் செல்லும் மலைச்சாலை, போனக்காடு என்னும் தேயிலைத் தோட்ட ஊரை அடைகிறது. 1868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலைக்குச் செல்வோர் இங்கிருந்துதான் நடக்கத் தொடங்குகின்றனர். தோட்ட வேலைக்கெனத் தமிழ்க் குடும்பங்கள் வந்து குடியேறிய ஊர் இது. தோட்டம் நலிந்து பலர் வேறிடம் சென்றபோதிலும், பழைய லயங்களை விட்டு நீங்காத குடும்பங்களும் உண்டு. அருகில் பரந்து கிடப்பது 1983ஆம் ஆண்டில் அமைந்த பேப்பாறை வனவிலங்குச் சரணாலயம். இத்தகைய மலையூர்களில் இரவுக் காவலுக்கு மனிதன் முதலில் நம்புவது நாயைத்தான். அந்த நாயின் உடல்நலத்தைக் காப்பது எவ்வாறு, அதனால் யாருக்கெல்லாம் நன்மை என்பதை இங்கே ஆராய்வோம்.

தமிழருக்கும் வேட்டை நாய்க்கும் உள்ள உறவு மிகப் பழமையானது. சங்க நூல்கள் நாயை ஞமலி என்று குறிக்கின்றன. திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. ஆநிரையைக் காக்கப் போரிட்டு இறந்த வீரனோடு, கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் அவன் நாயின் பெயரும் அக்கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. இராசபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்னும் நம் நாட்டு இனங்கள் இந்த மரபின் வழி வந்தவை. இவற்றுள் இராசபாளையம் நாயின் உருவம் 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல்தலையில் இடம்பெற்றது.

ஆயினும் வேட்டையின் காலம் முடிந்துவிட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1991இல் அதற்கு வந்த திருத்தமும் வேட்டையை ஏறக்குறைய முற்றிலும் தடுத்துவிட்டன. எனவே வேட்டை இனத்து நாய்க்கு இன்று உரிய பணி காவலே. பணி மாறியதற்கேற்ப, நாம் நாயைப் பேணும் முறையும் மாற வேண்டும்.

முதலாவதாக உணவைக் கவனிப்போம். கொன்ற விலங்கின் குடலையும் ஈரலையும் பச்சையாக நாய்க்கு எறிவது பழைய வழக்கம். இன்றும் ஆடு அறுக்கும் இடத்தில் இவ்வழக்கத்தைக் காணலாம். இது தீங்கானது. ஆடு, மாடு, பன்றி ஆகியவற்றின் ஈரலிலும் நுரையீரலிலும் ஒருவகை நாடாப்புழுவின் நீர்க்கட்டிகள் இருப்பதுண்டு. அவற்றைத் தின்ற நாயின் குடலில் புழு வளர்கிறது. முட்டைகள் மலத்தோடு வெளியேறி, மண்ணிலும் நாயின் மயிரிலும் ஒட்டுகின்றன. நாயைத் தடவிய கையைக் கழுவாமல் உண்ணும் குழந்தையின் வயிற்றுக்குள் அவை சென்றால், ஈரலில் கட்டி தோன்ற இடமுண்டு. ஆதலால் இறைச்சியை நன்கு வேகவைத்தே கொடுக்க வேண்டும். வெந்த எலும்பு கூரிய சிம்புகளாக உடைந்து குடலைக் கிழிக்கும். அதை நீக்கிவிட வேண்டும். ஆழ்ந்த மார்பும் ஒடுங்கிய வயிறும் உடைய இந்நாய்களுக்கு, ஓடுவதற்கு முன்னும் ஓடி வந்த உடனேயும் வயிறு நிறைய உணவிடலாகாது.

இரண்டாவது, உண்ணியும் அட்டையும். ஈரம் மிகுந்த மலைப்புல்லில் சுற்றிவரும் நாயை நாள்தோறும் மாலையில் தடவிப் பார்ப்பது நல்லது. காதின் உட்புறம், கழுத்து, விரலிடுக்கு ஆகிய இடங்களை மறவாமல் நோக்க வேண்டும். உண்ணியை நசுக்காமல், தோலை ஒட்டிச் சிறு இடுக்கியால் பற்றி நேராக இழுத்து எடுக்க வேண்டும். உண்ணி குருதியை உறிஞ்சுவதோடு நிற்பதில்லை. குருதியில் நோய்க்கிருமிகளையும் புகுத்துகிறது. காய்ச்சல், வெளிறிய ஈறு, கருஞ்சிவப்பான சிறுநீர், மூக்கில் குருதி வடிதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் தாமதியாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

மூன்றாவது, தடுப்பூசி. குட்டி பிறந்த 6 முதல் 8 வாரங்களுக்குள் டிஸ்டெம்பர், பார்வோ முதலிய நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியைத் தொடங்கி, மருத்துவர் கூறும் இடைவெளியில் மீண்டும் போட வேண்டும். 3 மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பின்னர் ஆண்டுதோறும் அதைத் தொடர வேண்டும். குடற்புழு மருந்தை வளர்ந்த நாய்க்கு 3 மாதத்திற்கு ஒருமுறை கொடுப்பது வழக்கம்.

வீட்டு நாய்க்குத் தடுப்பூசி போடுவதற்கும் காட்டு விலங்குக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் வினவக்கூடும். ஆப்பிரிக்காவின் செரங்கெட்டிக் காட்டில் 1994ஆம் ஆண்டில் டிஸ்டெம்பர் நோய் பரவி, அங்கிருந்த சிங்கங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மாய்த்தது. சுற்றுப்புறத்து ஊர் நாய்களிடமிருந்து அது வந்ததென ஆராய்ச்சியாளர் கருதி, பின்னர் அந்நாய்களுக்குத் தடுப்பூசி போட முற்பட்டனர். நம் நாட்டிலும் 2018ஆம் ஆண்டில் குஜராத்தின் கிர்க் காட்டில் 20க்கு மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது, இதே நோய்க்கிருமி கண்டறியப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் செந்நாய் நம் நாய்க்கு நெருங்கிய உறவு; நாயைத் தாக்கும் நோய்கள் அதனையும் தாக்கும். சிறுத்தையோ நாயையே இரையாகக் கொள்வது. ஆகவே நாயைக் காட்டினுள் திரிய விடாமலும், இரவில் கதவுள்ள கூண்டில் அடைத்தும் வைத்தால், நாயும் பிழைக்கும்; காடும் பிழைக்கும்.

இறுதியாக, மனித உயிரைப் பற்றியது. 1885ஆம் ஆண்டில் பாஸ்டர் வெறிநோய்க்குத் தடுப்பு முறை கண்டார். தென்னாட்டில் 1907ஆம் ஆண்டிலேயே குன்னூரில் பாஸ்டர் நிலையம் எழுந்தது. எனினும் இந்நோயின் அறிகுறிகள் தோன்றியபின் உயிர் பிழைப்பது மிக அரிது என்ற நிலை இன்றும் மாறவில்லை. நாய் கடித்தாலும், அதன் நகம் கீறினாலும், காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய், காப்பித்தூள் எதையும் அப்பலாகாது. அன்றே மருத்துவமனைக்குச் சென்று ஊசியைத் தொடங்கி, எல்லாத் தவணைகளையும் முடிக்க வேண்டும். மலையூரிலிருந்து மருத்துவமனை தொலைவில் இருக்கிறது என்பது, நாளைக் கடத்துவதற்குக் காரணம் ஆகாது; விரைந்து புறப்படுவதற்கே காரணம் ஆகும்.

ஓர் ஊரின் நாய்களில் 100க்கு 70 தடுப்பூசி பெற்றிருந்தால், அங்கே வெறிநோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. எனவே ஒரு வீட்டார் மட்டும் விழிப்பாக இருந்தால் போதாது. ஊசி போடும் நாளன்று நம் நாயோடு அண்டை வீட்டு நாயையும், உரிமையாளர் இன்றித் திரியும் நாயையும் சேர்த்து அழைத்துச் செல்வோமானால், லயத்துக் குழந்தைக்கும் காட்டுச் செந்நாய்க்கும் ஒருங்கே காவல் செய்தவர்கள் ஆவோம்.